எந்த ஃபீல்ட் வெளியே போகலாம்? சீரியலைசேஷனில் ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

"அண்ணா, ஒரு ஃபீல்ட் ஜேசனில வரக்கூடாது. டிரான்சியன்ட் போடுறதா, ஜேசன் இக்னோர் போடுறதா, இல்லாட்டி டிடிஓ எழுதோணுமா?"

கொழும்பில் புதிதாக டெவலப்பர் வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. புரோகிராமுக்குள் இருக்கும் ஆப்ஜெக்டைச் சேமிக்கவோ அனுப்பவோ ஏற்ற வடிவத்துக்கு மாற்றுவதுதான் சீரியலைசேஷன். ஜேசன் அப்படியான ஓர் எழுத்து வடிவம், டிடிஓ என்பது அனுப்புவதற்கென்றே எழுதும் தனி கிளாஸ். இணையத்தில் தேடினால் மூன்றுக்கும் ஆதரவாகப் பதில் கிடைக்கும், மூன்றும் சரியாகவும் இருக்கும். பதில் சொல்பவர் ஒவ்வொருவரும் தன் புரொஜெக்டை மனதில் வைத்துச் சொல்கிறார். கேட்பவரின் டேட்டா எங்கே போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஆகவே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு புடவைக்கடை இணையத்தில் விற்கத் தொடங்குகிறது. அதன் வாடிக்கையாளர் கிளாஸில் இருப்பவை: பெயர், முகவரி, கைத்தொலைபேசி இலக்கம், தவணைக்கு வாங்குவோரின் தேசிய அடையாள அட்டை இலக்கம், கடவுச்சொல்லின் ஹாஷ் (திரும்ப மாற்ற முடியாத சுருக்க வடிவம்), முதலாளி தனக்காக எழுதிவைக்கும் குறிப்பு ("காசு தர இழுத்தடிப்பார்" மாதிரி), இவற்றோடு நடப்பதைப் பதிவெழுதும் ஒரு லாகரும் ஒரு தற்காலிகக் கூட்டுத்தொகையும்.

இந்த ஒரே ஆப்ஜெக்ட் நான்கு இடங்களுக்குப் போகிறது. சேர்வரின் சொந்தக் கேஷுக்கு (தற்காலிகச் சேமிப்பு), வாடிக்கையாளரின் போனில் உள்ள ஆப்புக்கு, பொதி கொண்டுபோகும் கூரியர் கம்பனிக்கு, முதலாளியின் அட்மின் திரைக்கு. எதைச் சேமிக்கலாம், எதை விடலாம் என்ற கேள்விக்கு நான்கு இடத்திலும் விடை வேறு. ஜாவாவை நடுவில் வைத்துப் பேசுகிறேன், மற்ற மொழிக்காரர்களுக்கும் இடையிடையே பங்கு உண்டு.

## எதை வைத்து அளப்பது?

நாளை சேரும் ஃபீல்ட். என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். இன்று இருக்கும் ஃபீல்டுகளை எந்த வழியிலும் ஒழுங்காகப் பிரித்துவிடலாம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து வாடிக்கையாளர் கிளாஸில் "பிறந்த திகதி" என்று ஒன்றைச் சேர்க்கிறார். வேறு எதையும் தொடவில்லை. அது கூரியர் கம்பனிக்குப் போகுமா, போகாதா?

எல்லாம் போகட்டும், குறித்தவை மட்டும் நிற்கட்டும் என்பது விலக்குப் பட்டியல். குறித்தவை மட்டும் போகட்டும் என்பது அனுமதிப் பட்டியல். இரண்டிலும் ஆட்கள் மறப்பார்கள். அனுமதிப் பட்டியலில் மறந்தால் திரையில் ஒரு பெட்டி காலியாகக் கிடக்கும், அன்றைக்கே யாராவது முறைப்பாடு செய்வார். விலக்குப் பட்டியலில் மறந்தால் ஒருவரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். தேவைக்கு மேல் டேட்டா வந்தது என்று எந்தக் கூரியர் கம்பனியும் போன் எடுத்துச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

திரும்பி வரும்போது என்ன நிலை. விட்டுவிட்ட ஃபீல்ட், ஆப்ஜெக்டைத் திரும்ப வாசிக்கும்போது எப்படி இருக்கும்? "நல்" எனும் மதிப்பற்ற நிலையா, பூச்சியமா, பழையபடி நிரம்பியதா? ஒருவழிப் பயணமாக ஜேசன் அனுப்புவோருக்கு இது பெரிதல்ல. கேஷுக்கும் செஷனுக்கும் இதுதான் உயிர்.

ஒரே ஆப்ஜெக்டுக்குப் பல முகம். கூரியருக்கு ஒரு வடிவம், முதலாளிக்கு இன்னொன்று. வழி அதற்கு இடம் கொடுக்கிறதா?

முடிவு கண்ணில் படுமா. கோட் ரிவியூ செய்பவர் ஒரே கோப்பைப் பார்த்து "இது வெளியே போகிறது" என்று சொல்ல முடியுமா, அல்லது மூன்று கோப்பும் ஒரு கட்டமைப்பு வரியும் பார்க்க வேண்டுமா?

வேகத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். டேட்டாபேஸ் அழைப்பும் நெட்வேர்க்கும் எடுக்கும் நேரத்துக்கு முன்னால், ஒரு ஃபீல்டைத் தவிர்க்கும் முறைக்கிடையிலான வித்தியாசம் பெரும்பாலான புரொஜெக்டுகளில் தெரியவே தெரியாது.

| வழி | புதிய ஃபீல்டை மறந்தால் | திரும்ப வாசிக்கையில் | பல முகம் | எழுதும் வேலை |
|---|---|---|---|---|
| டிரான்சியன்ட் | வெளியே போகும் | நல் அல்லது பூச்சியம் | முடியாது | ஒரு சொல் |
| லைப்ரரி அனோடேஷன் | பொதுவாக வெளியே போகும் | லைப்ரரியைப் பொறுத்தது | சிரமம் | ஒரு வரி |
| வியூ, ஃபில்டர் | அமைப்பைப் பொறுத்தது | பெரும்பாலும் ஒருவழி | முடியும் | நடுத்தரம் |
| கையால் எழுதுதல் | எழுதும் விதத்தைப் பொறுத்தது | முழுக் கட்டுப்பாடு | சிரமம் | அதிகம் |
| தனி கிளாஸ் (டிடிஓ) | போகாது | தனியாகக் கட்ட வேண்டும் | இயல்பாக முடியும் | அதிகம், ஆனால் சலிப்பானது மட்டும் |

## 1. டிரான்சியன்ட்

ஜாவாவில் ஆப்ஜெக்ட் சீரியலைசேஷன் 1997-ல், 1.1 பதிப்போடு வந்தது. ஃபீல்டுக்கு முன் டிரான்சியன்ட் என்று எழுதினால் ஜாவாவின் சொந்தச் சீரியலைசேஷன் அதைத் தொடாது. ஸ்டாட்டிக் ஃபீல்டுகளையும் அது தொடாது, அவை ஆப்ஜெக்டுக்குச் சொந்தமல்ல, கிளாஸுக்குச் சொந்தம்.

லாகர், டேட்டாபேஸ் இணைப்பு, லாக், வேறு ஃபீல்டுகளிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கூட்டுத்தொகை போன்றவற்றுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒரு சொல்லில் வேலை முடிகிறது, வாசிப்பவருக்கும் உடனே புரிகிறது.

மறைவான செலவுகள் மூன்று. முதலாவது, திரும்ப வாசிக்கும் கணம். சீரியலைஸ் ஆன ஆப்ஜெக்டை ஜாவா மீட்டெடுக்கும்போது அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. ஃபீல்ட் அறிவித்த இடத்தில் "புதிய அரேலிஸ்ட்" என்று தொடக்க மதிப்புக் கொடுத்திருந்தால் அதுவும் ஓடாது. கோடில் பார்த்தால் அந்த லிஸ்ட் ஒருக்காலும் நல் ஆக முடியாது போலத் தெரியும். கேஷிலிருந்து வந்த ஆப்ஜெக்டில் மட்டும் நல் ஆகவே இருக்கும். லோக்கலில் ஓட்டும்போது கேஷ் வெறுமையாக இருப்பதால் பிழை தலைகாட்டாது, புரொடக்‌ஷனில்தான் வெடிக்கும். திரும்ப வாசிக்கையில் ஓடும் ரீட்ஆப்ஜெக்ட் மெதடில் மறுபடி நிரப்ப வேண்டும், அல்லது கெட்டரில் (ஃபீல்டின் மதிப்பை எடுத்துத் தரும் மெதட்) நல் என்றால் உருவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபீல்ட் ஃபைனலாகவும் இருந்தால் ரீட்ஆப்ஜெக்டுக்குள் சாதாரணமாக மதிப்புக் கொடுக்கவும் முடியாது.

இரண்டாவது, சீரியல் வெர்ஷன் யூஐடி எனும் கிளாஸின் பதிப்பு எண். இதை நீங்கள் அறிவிக்காவிட்டால் கிளாஸின் அமைப்பைப் பார்த்து ஜாவாவே ஓர் எண்ணைக் கணக்கிடும். பிரைவேட் டிரான்சியன்ட் ஃபீல்டுகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதாவது, இருக்கும் பிரைவேட் ஃபீல்டுக்கு நீங்கள் டிரான்சியன்ட் போட்டதும் எண் மாறிவிடும், பழைய செஷன்களை வாசிக்கப் போனால் இன்வலிட் கிளாஸ் எக்செப்ஷன் வரும். அந்த எண்ணை முதல் நாளே எழுதிவைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: இந்தச் சொல்லை யார் மதிக்கிறார்கள்? ஜாவாவின் சொந்தச் சீரியலைசேஷன் மதிக்கும். ஜேசன் ஆக்கும் லைப்ரரியான ஜிசன் ஃபீல்டுகளை நேரடியாகப் பார்ப்பதால் அதுவும் மதிக்கும். இன்னொரு ஜேசன் லைப்ரரியான ஜாக்சன் வேறு ரகம். அது பப்ளிக் கெட்டர் வழியே வேலை செய்கிறது. 2-ம் வரிசைப் பதிப்புகளின் வழமையான அமைப்பில், ஃபீல்ட் டிரான்சியன்ட் ஆக இருந்தாலும் அதற்குக் கெட்டர் இருந்தால் ஜேசனில் வந்துவிடும். தடுக்க "புரொபகேட் டிரான்சியன்ட் மார்க்கர்" என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஜிசனிலிருந்து ஜாக்சனுக்கு மாறும் ஒரு புரொஜெக்டில் கோடில் ஒரு வரியும் மாறாமல் மறைவான ஃபீல்டுகள் வெளியே வரத் தொடங்கினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொரு பக்கம் ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸில் சேமிக்கும் ஹைபர்னேட் லைப்ரரி இருக்கிறது. ஃபீல்ட் வழியே மேப்பிங் செய்திருந்தால் டிரான்சியன்ட் போட்ட ஃபீல்டை அது டேட்டாபேஸிலும் சேமிக்காது. ஜேசனில் அடையாள அட்டை இலக்கத்தை மறைக்கப் போய், டேட்டாபேஸ் அட்டவணையில் அந்த நிரல் புதிய பதிவுகளுக்கு வெறுமையாகிவிடும். இதோடு ஹைபர்னேட் பின்பற்றும் ஜாவா விதிமுறையான ஜேபிஏ-வில் அதே பெயரில் ஓர் அனோடேஷனும் (ஃபீல்டுக்கு மேல் எழுதும் குறிப்பு) உண்டு. அது டேட்டாபேஸுக்கு மட்டும் பேசுகிறது. தனி ஜாக்சன் அதைக் கண்டுகொள்ளாது, ஜாக்சனின் ஹைபர்னேட் மொட்யூலைச் சேர்த்தால் கண்டுகொண்டு மறைத்துவிடும்.

சி ஷார்ப் பக்கத்தில் இதற்குச் சமமானது நான்சீரியலைஸ்ட். அது டாட்நெட்டின் பழைய சீரியலைசரான பைனரி ஃபார்மட்டரோடு பிறந்தது. பாதுகாப்புக் காரணங்களால் 2024-ல் வந்த டாட்நெட் 9-ல் பைனரி ஃபார்மட்டரையே நீக்கிவிட்டார்கள். புதிய கோடில் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

எப்போது இது: ஆப்ஜெக்ட் உங்கள் சேர்வரை விட்டு வெளியே போகாதபோது, மறைக்கும் காரணம் ரகசியம் என்பதைவிட "சேமித்துப் பிரயோசனமில்லை" என்பதாக இருக்கும்போது.

## 2. லைப்ரரியின் அனோடேஷன்

ஜாக்சனின் ஜேசன் இக்னோர், ஜிசனின் எக்ஸ்போஸ், கோ மொழியில் ஃபீல்டுக்குப் பக்கத்தில் எழுதும் ஒற்றைச் சிறுகோடு, ரஸ்டில் செர்டேயின் ஸ்கிப், லாராவெல் மாடலில் ஹிடன் பட்டியல், பைடான்டிக்கில் ஃபீல்டுக்கு எக்ஸ்க்ளூட். எல்லாம் ஒரே குடும்பம். மொழியிடம் சொல்லாமல் சீரியலைஸ் செய்யும் லைப்ரரியிடம் சொல்கிறோம்.

நன்மை வெளிப்படை. டேட்டாபேஸ் பாதிக்கப்படாது, ஒரு வரியில் முடியும், ஃபீல்டுக்கு மேலேயே எழுதியிருப்பதால் ரிவியூ செய்பவருக்குத் தெரியும். ஆனால் பொறிகள் நிறைய. பெரும்பாலானவை பிழைச் செய்தியே கொடுக்காதவை.

ஜேசன் இக்னோர் இரு வழியும் பூட்டும். கடவுச்சொல் ஃபீல்டுக்கு அதைப் போட்டால் வெளியே போகாது, சரி. ஆனால் வாடிக்கையாளர் பதிவு செய்யும்போது அனுப்பும் கடவுச்சொல்லும் உள்ளே வராது. வழமையான அமைப்பில் ஜாக்சன் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். இதற்காகவே 2.6 பதிப்பில் "எழுத மட்டும்" என்ற அணுகல் வகை வந்தது. ஜேசன் புரொப்பர்ட்டி அனோடேஷனுக்குள் அதைக் கொடுத்தால் உள்ளே வரும், வெளியே போகாது.

கெட்டர்தான் ஜாக்சனுக்கு ஃபீல்ட் என்று சொன்னேன் அல்லவா? அதனால் ஃபீல்டே இல்லாத "கெட்வயது" போன்ற ஒரு மெதடும் ஜேசனில் "வயது" என்று வந்து நிற்கும். வயதைக் கணக்கிட அடையாள அட்டை இலக்கத்தைப் பயன்படுத்தியிருந்தால், இலக்கத்தை மறைத்துவிட்டு அதன் சாற்றை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஜிசனின் எக்ஸ்போஸ் பெயரைப் பார்த்தால் அனுமதிப் பட்டியல் போலத் தெரியும். சாதாரணமாக உருவாக்கிய ஜிசன் ஆப்ஜெக்டுக்கு அந்த அனோடேஷன் ஒரு பொருட்டே அல்ல, எல்லா ஃபீல்டையும் எழுதும். பில்டரில் "எக்ஸ்போஸ் இல்லாதவற்றை விலக்கு" என்ற மெதடை அழைத்தால்தான் வேலை செய்யும்.

சி ஷார்ப்பில் நியூட்டன்சாஃப்ட் லைப்ரரியிலும் மைக்ரோசாஃப்டின் சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசனிலும் ஜேசன் இக்னோர் என்று ஒரே பெயரில் இரண்டு உண்டு. எடிட்டர் தானாகச் சேர்த்த இம்போர்ட் தப்பாக இருந்தால் கோட் கம்பைல் ஆகும், அனோடேஷன் கண் முன்னே இருக்கும், ஃபீல்டும் வெளியே போகும். கொட்லினில் இதே கதை டிரான்சியன்ட் அனோடேஷனுக்கு நடக்கும். ஜேவிஎம்-க்கானது இம்போர்ட் இல்லாமலே கிடைக்கும், கொட்லின் சீரியலைசேஷனுக்கானதை இம்போர்ட் செய்ய வேண்டும். ரிவியூவில் அனோடேஷனைப் பார்த்தால் மேலே போய் இம்போர்ட் வரியையும் பாருங்கள்.

இந்தக் குடும்பத்திலும் அனுமதிப் பட்டியலாக வேலை செய்ய முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜாக்சனில் ஆட்டோ டிடெக்டை முழுவதும் அணைத்துவிட்டு வேண்டியவற்றுக்கு மட்டும் ஜேசன் புரொப்பர்ட்டி போடலாம். லாராவெலில் ஹிடனுக்குப் பதில் விசிபிள் பட்டியல் எழுதலாம். சி ஷார்ப்பில் டேட்டா கான்ட்ராக்ட், டேட்டா மெம்பர் ஜோடி பிறப்பிலேயே அப்படித்தான். அனோடேஷனோடு நிற்க முடிவு செய்தால் இந்த வடிவத்தை எடுங்கள்.

பல முகம் என்ற அளவுகோலில்தான் இந்த வழி தோற்கிறது. ஃபீல்டுக்கு மேல் எழுதியது எல்லோருக்கும் பொருந்தும். கூரியருக்கு மறைத்தது முதலாளிக்கும் மறைந்துவிடும்.

எப்போது இது: ஒரு ஃபீல்ட் யாருக்கும் எந்த நிலையிலும் போகக்கூடாது என்றால். கடவுச்சொல் ஹாஷ் அந்த ரகம். டிடிஓ எழுதினாலும் ஹாஷுக்கு மேல் இதைப் போட்டு வைப்பது இரண்டாவது பூட்டு.

## 3. வியூ, ஃபில்டர்

ஜாக்சனின் ஜேசன் வியூ, ஜாவாஸ்கிரிப்டின் ஸ்ட்ரிங்கிஃபை மெதடுக்குக் கொடுக்கும் சாவிப் பட்டியல், பைடான்டிக்கில் டம்ப் செய்யும்போது கொடுக்கும் இன்க்ளூட், எக்ஸ்க்ளூட். அனோடேஷனுக்கும் டிடிஓ-வுக்கும் நடுவழி. ஒரே கிளாஸை வைத்து, அழைக்கும் இடத்தில் முகத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

நான் இதை அதிகம் பரிந்துரைப்பதில்லை. ஜேசன் வியூவை எடுத்துக்கொள்ளுங்கள். வியூ குறிக்காத ஃபீல்ட் எல்லா வியூவிலும் வரும் என்பது ஜாக்சன் 2-ம் வரிசையின் வழமை. ஜாவா ஃபிரேம்வேர்க்கான ஸ்பிரிங் பூட் அந்த அமைப்பை அணைத்து வைத்திருக்கிறது, அங்கே குறிக்காதது வராது. டெஸ்டில் நீங்களே ஓர் ஆப்ஜெக்ட் மேப்பரை (ஜாக்சனின் சீரியலைசர்) புதிதாக உருவாக்கினால் ஒரு விடை, ஓடும் ஆப்பில் வேறு விடை. ஜாவாஸ்கிரிப்டின் சாவிப் பட்டியல் உள்ளடுக்குகளுக்கும் சேர்த்தே பொருந்தும். வாடிக்கையாளரின் "பெயர்" வேண்டும் என்று அனுமதித்தால் உள்ளே அனுமதித்த எந்த ஆப்ஜெக்டின் "பெயரும்" வரும், முகவரியை அனுமதித்தாலும் அதற்குள் இருக்கும் வீதி, நகரம் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்க்காவிட்டால் வெறும் ஓடுதான் வரும். பைடான்டிக்கில் டம்ப் செய்யும் ஒவ்வோர் இடத்திலும் பட்டியலை மறக்காமல் கொடுக்க வேண்டும்.

எப்போது இது: பட்டியல் பக்கத்துக்குச் சுருக்கம், தனிப்பக்கத்துக்கு முழு விபரம் என்று இரண்டே முகம் இருந்து, இரண்டையும் பார்ப்பவர் ஒரே ஆளாக இருந்தால்.

## 4. கையால் எழுதுதல்

ஜாவாவில் ரைட்ஆப்ஜெக்ட், ரீட்ஆப்ஜெக்ட் ஜோடி அல்லது எக்ஸ்டேர்னலைசபிள். பைதனில் கெட்ஸ்டேட், செட்ஸ்டேட். பிஎச்பி-யில் பழைய ஸ்லீப், வேக்கப், 7.4 பதிப்பிலிருந்து சீரியலைஸ், அன்சீரியலைஸ். எதை எழுதுவது, திரும்ப வாசித்ததும் எதை மறுபடி கட்டுவது என்று வரிக்கு வரி நீங்களே சொல்கிறீர்கள்.

இரண்டாவது அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. பைதனில் திரெட் லாக் வைத்திருக்கும் ஆப்ஜெக்டைப் பிக்கிள் (பைதனின் சொந்தச் சீரியலைசேஷன்) செய்யப் போனால் டைப் எரர் வரும். கெட்ஸ்டேட்டில் லாக்கை நீக்கி, செட்ஸ்டேட்டில் புதிய லாக்கை வைத்தால் தீர்ந்தது. பிக்கிள் வழமையாக இனிட் மெதடை அழைக்காது என்பதால் செட்ஸ்டேட்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. கெட்ஸ்டேட்டுக்குள் ஆப்ஜெக்டின் டிக்ட்டை நகல் எடுத்து, நகலிலிருந்துதான் நீக்க வேண்டும். நகல் எடுக்காமல் நீக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் உயிருள்ள ஆப்ஜெக்டிலிருந்தே லாக் போய்விடும்.

எக்ஸ்டேர்னலைசபிள் எடுத்தால் எழுதிய வரிசையிலேயே வாசிக்க வேண்டும், பப்ளிக்கான வெறும் கன்ஸ்ட்ரக்டர் இருந்தே ஆக வேண்டும். ஜாவா ரெக்கார்டுகளுக்கு ரைட்ஆப்ஜெக்ட் எழுதினாலும் ஜாவா அதைப் பொருட்படுத்தாது. அதிகம் பேர் அறியாத ஒன்று சீரியல் பெர்சிஸ்டன்ட் ஃபீல்ட்ஸ். எந்தெந்த ஃபீல்ட் எழுதப்பட வேண்டும் என்று ஓர் அரேயில் கொடுத்தால் அதுவே அனுமதிப் பட்டியலாகும், டிரான்சியன்ட் குறிகளை அது மேவிவிடும். ஜாவாவின் சொந்தச் சீரியலைசேஷனைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய இடத்தில் இதைப் பரிசீலிக்கலாம்.

பிக்கிளும் ஜாவாவின் சொந்தச் சீரியலைசேஷனும் வெளியார் அனுப்பிய பைட்டுகளை வாசிக்க ஏற்றவை அல்ல. தீய நோக்கோடு செய்த பைட்டுகள் வாசிக்கும்போதே உங்கள் சேர்வரில் கோடை ஓட்ட முடியும். ஆகவே இந்த வழி முழுக்க வீட்டுக்குள்தான்.

எப்போது இது: பழைய பதிப்பில் சேமித்த ஆப்ஜெக்டைப் புதிய பதிப்பில் வாசிக்க வேண்டும், அல்லது விட்டுவிட்ட ஃபீல்டை மீட்டுக் கட்டியே ஆக வேண்டும் என்றால்.

## 5. தனி கிளாஸ், அதாவது டிடிஓ

கூரியருக்கென்று ஒரு கிளாஸ்: பெயர், முகவரி, கைத்தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஆப்ஜெக்டிலிருந்து மூன்றையும் எடுத்து இதில் வைத்து, இதை மட்டும் சீரியலைஸ் செய்கிறோம். வாடிக்கையாளர் கிளாஸில் நாளை ஐம்பது ஃபீல்ட் சேர்ந்தாலும் கூரியருக்கு மூன்றுதான். எது வெளியே போகிறது என்று கேட்பவருக்கு ஒரே கோப்பைத் திறந்து காட்டலாம்.

அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொண்டால் இதன் பெறுமதி தெரியும். பழைய இலக்கத்தில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016-ல் வந்த 12 இலக்க வடிவத்தில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாகவே இருக்கிறது. ஒரு ஃபீல்ட் கசிந்தால் பிறந்த திகதியும் பாலினமும் சேர்ந்தே கசியும். 2022-ம் ஆண்டின் 9-ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் தரவைக் கையாளக்கூடாது என்ற கொள்கையை வைத்திருக்கிறது. பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்க அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை.

உள்ளே வரும் பக்கத்துக்கும் இதுவே காவல். 2012 மார்ச்சில் ஒருவர் கிட்ஹப்பின் ரெயில்ஸ் கோடில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, தனக்கு உரிமையில்லாத ரெயில்ஸ் புரொஜெக்டுக்குள் தன் சாவியைச் சேர்த்துக் காட்டினார். ஃபோர்மில் வந்த ஃபீல்டுகளை வடிகட்டாமல் மாடலுக்கு அப்படியே கொடுத்ததுதான் ஓட்டை. ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியல் 2019-ல் "அளவுக்கு மீறி டேட்டா வெளியிடுதல்" ஒன்று, இப்படி உள்ளே விடுவது இன்னொன்று என்று தனித்தனியாக வைத்திருந்தது. 2023 பதிப்பில் இரண்டையும் ஒரே தலைப்புக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஃபீல்ட் அளவிலான அனுமதிப் பிரச்சினை என்பதால் அது நியாயம்தான். பதிவு செய்வதற்கு ஒரு கிளாஸ், காட்டுவதற்கு இன்னொரு கிளாஸ் என்று பிரித்தால் கடவுச்சொல்லுக்கு "எழுத மட்டும்" என்ற சூட்சுமமும் தேவைப்படாது.

ஹைபர்னேட் என்டிட்டியை (டேட்டாபேஸ் அட்டவணையோடு இணைந்த ஆப்ஜெக்ட்) நேரடியாக ஜேசன் ஆக்கும்போது வரும் தலைவலிகளும் இதோடு போகும். வாடிக்கையாளருக்குள் ஓர்டர்கள், ஓர்டருக்குள் வாடிக்கையாளர் என்று சுற்றிச் சுற்றி ஸ்டாக் நிரம்புவது, சோம்பல் லோடிங் (தேவைப்படும்போது மட்டும் டேட்டா எடுப்பது) செஷன் மூடிய பிறகு எழுந்து எக்செப்ஷன் எறிவது, யாரும் கேட்காத அட்டவணைகளைத் தேடி டேட்டாபேஸுக்கு ஓடுவது.

செலவு? கோப்புகள் பெருகும். எடுத்து வைக்கும் கோட் எழுதச் சலிப்பானது. 2021-ல் ஜாவா 16-ல் ரெக்கார்டுகள் நிலையான அம்சமானதிலிருந்து கிளாஸ் எழுதும் பாரம் ஏறக்குறைய ஒரு வரியாகிவிட்டது, மேப்பிங் பாரம் இருக்கிறது. மேப்ஸ்ட்ரக்ட் போன்ற லைப்ரரிகள் அதையும் குறைக்கும். புதிய ஃபீல்டைத் திரையில் காட்ட மூன்று இடத்தில் கைவைக்க வேண்டியிருக்கும், டீமில் முணுமுணுப்பு வரும். ஒரு வார புரொஜெக்டுக்கு இது வீண் வேலை என்று சொல்பவரோடு நான் சண்டை பிடிக்கமாட்டேன்.

டிடிஓ எழுதியும் தோற்கும் இடங்களும் உண்டு. கூரியர் கிளாஸை வாடிக்கையாளர் கிளாஸிலிருந்து எக்ஸ்டென்ட் செய்தால் எல்லா ஃபீல்டும் பின்கதவால் வந்துவிடும். ஓர்டருக்கு டிடிஓ எழுதி, அதற்குள் வாடிக்கையாளர் என்டிட்டியை அப்படியே வைப்பது இன்னும் சகஜம். வெளி ஓடு டிடிஓ, உள்ளே முழு ஆப்ஜெக்ட். ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வேர்க்கில் சீரியலைசர் என்று தனி கிளாஸ் எழுதிவிட்டு ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் "எல்லாம்" என்று போட்டாலும் இதே கதிதான். அதன் ஆவணமே ஃபீல்டுகளைப் பெயர் சொல்லி எழுதும்படி வற்புறுத்துகிறது.

எப்போது இது: உங்கள் கம்பனிக்கு வெளியே ஒரு பைட் போனாலும்.

## புடவைக்கடைக்கு எது?

கூரியருக்கு டிடிஓ, இதில் பேச்சுக்கு இடமில்லை. வாடிக்கையாளரின் ஆப்புக்கும் டிடிஓ. தன் விபரத்தைத்தானே தான் பார்க்கிறார் என்று தோன்றலாம், ஆனால் "காசு தர இழுத்தடிப்பார்" என்ற குறிப்பு அவர் போனுக்குப் போய், நெட்வேர்க் டாப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்த மகன் ஒருவன் வீட்டில் இருந்தால் கடைக்கு ஒரு வாடிக்கை போச்சு.

முதலாளியின் அட்மின் திரை ஒன்றே ஒன்று, பார்ப்பவரும் ஒருவர் என்றால் என்டிட்டியோடு அனோடேஷன் போதும், ஹாஷை மட்டும் மூடிவிட்டு. கணக்காளருக்கும் கடைப் பிள்ளைகளுக்கும் லாகின் கொடுக்கும் நாள் வந்தால் அன்றைக்கு அதையும் டிடிஓ-வுக்கு மாற்ற வேண்டும்.

சேர்வரின் கேஷுக்கு டிரான்சியன்ட், கூடவே சீரியல் வெர்ஷன் யூஐடி. கேஷ் ரெடிஸ் போன்ற தனி சேர்வரில் இருந்து, அதை வேறு சேவைகளும் வாசித்தால் அது வீட்டுக்குள் என்ற கணக்கில் வராது. அப்போது ஜாவா பைட்டுகளை விட்டுவிட்டு, கேஷுக்கென்று ஒரு சிறு டிடிஓ-வை ஜேசனாக வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

ஏற்கெனவே எல்லா இடத்திலும் என்டிட்டியை அப்படியே அனுப்பிக்கொண்டிருக்கும் பழைய புரொஜெக்ட் என்றால், ஒரே அடியாக மாற்றப் போகாதீர்கள். மூன்றாம் தரப்புக்குப் போகும் என்ட்பாயின்டுகளை (டேட்டா கேட்கும் ஏபிஐ முகவரிகள்) முதலில் பட்டியலிடுங்கள், அவற்றுக்கு மட்டும் இந்த வாரம் டிடிஓ எழுதுங்கள். மற்ற ஒவ்வொரு என்ட்பாயின்டுக்கும் ஒரு சின்ன டெஸ்ட் போதும்: வரும் ஜேசனில் உள்ள சாவிகளின் பட்டியல், கோப்பில் எழுதிவைத்த பட்டியலுக்குச் சமமா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட். உள் ஆப்ஜெக்டுகளின் சாவிகளையும் சேர்த்து எடுங்கள். யாராவது என்டிட்டியில் புதிய ஃபீல்ட் சேர்த்தால் டெஸ்ட் உடையும், அவர் பட்டியலைத் தன் கையால் திருத்தித்தான் மேலே போக முடியும். அந்தத் திருத்தம் ரிவியூவில் ஒரு வரியாக எல்லோர் கண்ணிலும் படும். டெஸ்டுக்குள் புதிதாக ஆப்ஜெக்ட் மேப்பர் உருவாக்காமல், ஓடும் ஆப் பயன்படுத்தும் அதே மேப்பரை ஸ்பிரிங்கிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வியூ விஷயத்தில் சொன்ன அதே இரட்டை விடை இங்கேயும் வரும்.